மச்சில் கிடந்தது

– இந்த வயரக் கையில புடிச்சுப் பாருங்க மாமி. இது அணில் கடிச்சதே இல்ல, பாத்துக்கிடுங்க.

– பின்னே யார் கடிச்சாளாம்? இந்த ஆத்துல நானும் அவரும்தான். அவரால எழுந்து உட்காரக்கூட முடியாது. நானாக்கும் கடிச்சேன்?

– கோவப்படாதிய. அணில் கடிச்சா கரும்பச் சீவுன மாதிரி சுரண்டிச் சுரண்டி வச்சிருக்கும். உள்ள இருக்க செம்பு அப்படியே நிக்கும். இது ஒரே வெட்டாட்டு இருக்கு.

– எனக்கு அந்த சாஸ்திரமெல்லாம் தெரியாது, கண்ணன். போன திங்கட்கிழமை காலம்பற பார்க்கறேன், காத்தடிக்கற மோட்டாரோட வயர் துண்டாக் கெடக்கறது. அவர் படுத்திருக்கற காத்து மெத்தை பூரா இறங்கிப் போயிருந்தது. நாலு மணி நேரம் வெறும் பலகையில கெடந்திருக்கார். படுக்கைப் புண்ணு வந்தா ஆறாதுன்னு டாக்டர் எத்தனை தரம் சொல்லியிருக்கார், கேட்டேளா. இன்னிக்கு அந்த அணிலை நீங்கோ விரட்டியே ஆகணும்.

– விரட்டத்தான வந்திருக்கேன். தாராவியிலேர்ந்து ஏணியத் தோள்ல வச்சிக்கிட்டு நடந்து வந்தவன், சும்மாவா திரும்பிப் போவேன். சார், வணக்கம். நான்தான், சுடலை வந்திருக்கேன்.

– ஐயோ, அந்தப் பேரை இந்த ரூம்ல சொல்லாதேங்கோ. முதல் தடவை வந்தப்பவே சொன்னேனே. படுக்கையில இருக்கறவர் தலைமாட்டுல நின்னுண்டு சுடலை வந்திருக்கேன்னா, கேக்கறவா என்ன நினைப்பா.

– சுடலைமாடன் எங்களுக்குக் காவல் சாமி, மாமி. கெட்டது உள்ள வராம வாசல்ல நிக்குதவரு.

– இருக்கட்டும். நிக்கட்டும். ஆனா எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டா மயானம்தான் ஞாபகத்துக்கு வரது. பாதிப் பேரு போதும். கண்ணன்.

– சரி, சுடலைக்கண்ணன் உங்களுக்கு வெறும் கண்ணன். தாராவியில ஏ சுடலேன்னு கத்துனா நாலு பேரு திரும்பிப் பாப்பான். இங்க வந்தா மட்டும் நான் கிருஷ்ண பரமாத்மா. சாரு சிரிக்காவ, பாருங்க.

– சிரிக்கறாரா? எங்கே?

– உதட்டோரத்துல. இடது பக்கம்.

– உங்களைப் பார்த்தா மட்டும் சிரிக்கறார். பக்கவாதம் வந்து பதினாலு மாசமா நான் பக்கத்துலேயே உட்கார்ந்திருக்கேன். சரி, பேச்சுக் குடுத்துண்டே நேரத்தைப் போக்காதேங்கோ. எங்கேர்ந்து வரதுன்னு கண்டுபிடிச்சேளா?

– கண்டுபிடிக்க என்ன இருக்கு, பழைய வழிதான். அன்னா, ஜன்னலுக்கு மேல, கூரப் பலக முடியுத மூல. தீவாளிக்கு முன்னாடி அதுலதான் வல கட்டுனேன், கடிச்சுப் போட்டுது. பிப்ரவரில சிமெண்டு வச்சுப் பூசுனேன். சிமெண்ட விட்டுட்டுப் பக்கத்துப் பலகையக் கடிச்சிருக்கு. ரெண்டு விரலு நொழையுத சந்து போதும் அதுக்கு. மேல ஓடு, கீழ பலக, நடுவுல இருக்க மச்சுல ராஜ வாழ்க்க.

– அப்போ இதுக்கு முடிவே கிடையாதா?

– உண்டு. இந்தத் தடவ இரும்பு ஜாலி, கம்பி வல, கொண்டாந்திருக்கேன், ஸ்குரூ போட்டு முடுக்கிருவேன். ஆனா ஒண்ணு கேக்கணும். இந்த பில்டிங்ல மூணாவது மாடியில நாலு வீடு இருக்கு, எல்லாத்துக்கும் இதே ஓட்டுக் கூரதான். மத்த மூணு வீட்டுலயும் அணில் கெடையாது. தீனி இல்லாம அது ஒரே எடத்துக்கு மூணு தடவ வராது. நீங்க என்ன போடுதிய?

– ஒரு பருக்கை போடலை.

– காக்காய்க்குச் சோறு?

– அடுக்களை ஜன்னல்ல புறா வராம வலை கட்டினதுலேர்ந்து காக்காய் எங்கே வரது. அதுவும் அந்தப் பக்கம். இங்கே ஒண்ணும் வைக்கறதில்லை. என்னை ஏன் போலீஸ் மாதிரிக் கேக்கறேள்?

– தொழில் மாமி. சரி, மேல ஏறிப் பாத்துருதேன். ஏணியக் கொஞ்சம் அமுக்கிப் புடிங்க. சார் காலு பக்கத்துல கால் வைக்கேன், பயப்படாதிய.

– இருங்கோ, நகுல் கூப்பிடறான். கை ஏணியில இருக்கு, ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லுடா.

– அம்மா, பெஸ்ட் கண்ட்ரோல் ஆள் வந்தாச்சா?

– வந்துட்டார்டா. கண்ணன்தான். இப்போதான் ஏணியில ஏறறார். இந்தத் தடவை இரும்பு ஜாலி.

– பிப்ரவரிலயும் இதையேதான் சொன்னே. தேக்கோ, இங்கே பாரும்மா, நாளைக்கு சண்டே, நான் வரேன். ஒரு அணில், ஒரே ஒரு அணில் என் கண்ணுல பட்டாலும் அப்பாவை ஐரோலிக்குக் கூட்டிண்டு வந்துடுவேன். எங்க பில்டிங்லேர்ந்து ரெண்டு நிமிஷம் அந்த நர்சிங் கேர் சென்டர். பெட் சொல்லி வெச்சாச்சு.

– நான் இருக்கறப்போ அவர் ஏன்டா அங்கே போகணும்?

– ஏன்னா வயரைக் கடிக்கறது. நாளைக்கு ஷார்ட் சர்க்யூட் ஆனா உன்னால அப்பாவைத் தூக்கிண்டு மூணு மாடி இறங்க முடியுமா? அப்புறம் அந்த பிபி. டாக்டர் டோஸ் ஏத்திண்டே போறார், இறங்கவே மாட்டேங்கறது. அங்கே நர்ஸ் இருப்பா, மருந்து டைம்க்குப் போகும். சாப்பிட மாட்டேன்னா மூக்குல ட்யூப் போட்டுடுவா, டென்ஷனே கிடையாது.

– ட்யூப் வேண்டாம்டா. அவருக்குப் பிடிக்காது.

– பிடிக்காதுன்னு அப்பா சொன்னாரா? அம்மா, அப்பா ஒண்ணும் சொல்லலை. அப்பாவால சொல்ல முடியாது. அக்கேலி கித்னா கரேகீ, அம்மா? தனியா எவ்வளவுதான் பண்ணுவே? உனக்கு அறுபத்தெட்டு வயசு. எனக்கு மட்டும் ஆசையா அவரை அங்கே கொண்டுபோய்ப் போடணும்னு? ராத்திரி தூக்கம் வரலை எனக்கு. நாளைக்குப் பேசிக்கலாம், வெக்கறேன்.

– வெச்சுட்டான்.

– தம்பியக் கொற சொல்ல முடியாது மாமி.

– யார் குறை சொன்னா? நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைங்கறதாலதான் பயமா இருக்கு. நீங்கோ ஏறுங்கோ.

– பலகையத் தள்ளிட்டேன். தூசி விழும், சார் மூஞ்சியில ஒரு துணியப் போடுங்க.

– வேண்டாங்கறார். துணியைத் தள்ளிவிடறார். அண்ணாந்து உங்களையேதான் பார்த்துண்டிருக்கார்.

– சரி சரி, பாக்கட்டும். டார்ச் அடிக்கேன். கூடு இருக்கு மாமி. ஓட்டைக்கு நேர் மேல, உத்தரத்து மூலையில. தேங்கா நாரு, மாப்புத் துணி, வெள்ள நூலு... இது பூணூல் மாதிரில்லா இருக்கு.

– ஆவணி அவிட்டத்துக்கு மாத்தின பழசு. ஜன்னல் கம்பியில தொங்கிண்டிருந்தது. காணோமேன்னு தேடினேன்.

– அணிலு போட்டுக்கிட்டு அய்யராயிட்டுது. ஆத்தாடி, குட்டி கெடக்கு.

– எத்தனை?

– ரெண்டு. கண்ணு தெறக்கல. சவத்த, இதுதான் நான் வேண்டாம்னு நெனச்சது. குட்டிய உள்ள வச்சு அடைக்கக் கூடாது. செத்து நாறும், தாய் வெளிய நின்னு கத்தியே உசுர விட்டுரும். ஒரு டப்பா தாங்க, செருப்பு டப்பா இருந்தாப் போதும். உள்ள பஞ்சோ துணியோ போட்டு. ஜன்னலுக்கு வெளிய நீட்டியிருக்க சஜ்ஜாத் திண்டுல வச்சா தாய் வந்து தூக்கிக்கிட்டுப் போயிரும்.

– மனுஷா தொட்டா சேர்த்துக்காதுன்னு சொல்வாளே?

– அதெல்லாம் சும்மா. கையுற போட்டிருக்கேன். பெத்தது விட்டுருமா?

– இந்தாங்கோ டப்பா. அவரோட பழைய வேஷ்டித் துண்டைப் போட்டிருக்கேன்.

– ஒண்ணு... ரெண்டு. புடிங்க, பதனம். அப்படியே ஜன்னல் வழியா வெளிய வச்சிருங்க. தாய்க்காரி நாவல் மரத்துலேர்ந்து கத்துதா, கேக்குதா? வருவா. நான் கூட்டப் பிரிச்சுருதேன். இருந்தா அந்த வாடைக்கு மறுபடியும் தேடி வரும். ஏ... இது என்னது?

– என்ன?

– மாத்திர மாமி.

– என்ன மாத்திரை?

– எனக்கு என்ன தெரியும். செவப்பு, வெள்ள, பாதியா ஒடச்சது. உத்தரத்து ஓரமா கொட்டிக் கெடக்கு. கைநெறைய அள்ளலாம் போலுக்க. எளகி ஒட்டிக்கிட்டு இருக்கு. கூடவே நாரு நாராப் பழம் காஞ்சு கெடக்கு. நேந்திரம்பழமா இது?

– ஆமாம். நேந்திரம்பழம்தான்.

– அணிலுக்குப் பழம் போதும், மருந்து கசக்கும்லா. மேல கொண்டாந்து பழத்தத் தின்னுட்டு மாத்திரையத் துப்பியிருக்கு. நீங்க பழத்துக்குள்ள வச்சுதானா சாருக்கு மருந்து குடுக்கிய?

– மெள்ளப் பேசுங்கோ. அவருக்குக் காது நன்னாக் கேக்கும்.

– நான் எறங்கி வாரேன். ஏணியப் புடிங்க. மாமி, ஏணிய. நீங்க அந்த நாற்காலியில இருங்க.

– வெறும் மாத்திரையை நாக்கால தள்ளிடுவார். எங்க பாலக்காட்டு ஆத்துல குழந்தைகளுக்கு மருந்து குடுக்கறதுன்னா நேந்திரம்பழத்தை ஆவியில வேகவெச்சு, துண்டாக்கி, நடுவுல அமுக்கித்தான் குடுப்போம். அப்படிப் பண்ணிப் பார்த்தேன். ஊட்டினா வாயைத் திறக்க மாட்டார். முகத்தைத் திருப்பிப்பார். போர்ட் ட்ரஸ்ட் ஆபீஸ்ல அறுபது பேரை மேய்ச்ச மனுஷன், என் கையால ஊட்டிக்க அவருக்குக் கூச்சமா இருக்குன்னு நினைச்சேன். அதனால இடது கையில குடுத்துட்டு நான் அடுக்களைக்குப் போயிடுவேன். தானே சாப்பிடட்டும், மானமா இருக்கட்டும்னு. திரும்பி வந்தா கை காலியா இருக்கும். சமத்துன்னு தலையைத் தடவிக் குடுப்பேன், கண்ணன். ஒவ்வொரு நாளும் தடவினேன்.

– அழாதிய. இன்னைக்காவது தெரிஞ்சுதே. இனிமே பக்கத்துல இருந்து குடுங்க.

– இன்னிக்குத் தெரியலை.

– என்ன?

– தீபாவளிக்கு முன்னாடியே தெரியும். கண்ணாடியை மறந்து வெச்சுட்டுப் போனேன்னு எடுக்க வந்தேன். அது அந்த மூலையிலேர்ந்து இறங்கி, ஜன்னல் கம்பியில தலைகீழாத் தொங்கிண்டு, அவர் விரல்லேர்ந்து வாங்கிக்கறது. அவர் கையைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கிக் குடுக்கறார். அப்போ அவர் முகத்தைப் பார்க்கணுமே. கல்யாணம் ஆன புதுசுல எனக்கு மல்லிப்பூ வாங்கிண்டு வந்து நீட்டற முகம் அது.

– அதுக்கப்புறந்தான் எனக்குப் போன் பண்ணுனிய.

– வழியை அடைச்சா அது வராது. வாங்கிக்க யாரும் இல்லேன்னா அவர் தானே முழுங்கித்தானே ஆகணும்னு கணக்குப் போட்டேன். நீங்கோ அடைச்ச அன்னிக்கு முழுங்கினார். நாலு நாள் முழுங்கினார். அஞ்சாம் நாள் அது திரும்பி வந்துடுத்து.

– சாருகிட்டயே கேட்டிருக்கலாம்லா?

– கேட்டேன். ஏன்னா இப்படிப் பண்றேள், நான் என்ன குறை வெச்சேன்னு கேட்டேன். இடது கையை இறுக்கி மூடிண்டுட்டார். கண்ணுலேர்ந்து தண்ணி வழிஞ்சது. தொடைச்சுக்கக்கூட கையைத் திறக்கலை. அப்புறம் கேக்க எனக்குத் தைரியம் வரலை.

– தம்பிகிட்ட சொல்லலாம்.

– சொன்னா என்ன பண்ணுவான்? இப்போ கேட்டேளே. மூக்குல குழாய். எங்க அண்ணா அப்படித்தான் எட்டு மாசம் கெடந்தார். குழாயைப் பிடுங்கறார்னு கையைக் கட்டிலோட கட்டிப்போட்டா. அதைப் பார்த்துட்டு வந்து இவர் ரெண்டு நாள் சாப்பிடலை. இவருக்கு மிச்சம் இருக்கறது இந்த ஒரு கைதான். அதையும் நானே கொண்டுபோய்க் கட்டச் சொல்லணுமா?

– மாமி, அப்பம் அந்த வயரு?

– நான்தான். கத்தரிக்கோலால.

– ஏன்?

– அணில்தானே அம்மா, ஓடிட்டுப் போறது, எதுக்கு மூணாவது தடவை ஆளுன்னு கேட்டான் நகுல். வயரைக் கடிச்சுடுத்துன்னா உடனே சரின்னு சொல்லுவான்னு நினைச்சேன். நாலு மணி நேரம்னு சொன்னது பொய். நாலு நிமிஷம்கூட ஆகலை. புது வயரைக் கையில வாங்கி வெச்சுண்டுதான் வெட்டினேன். அவர் பார்த்துண்டே இருந்தார். அவன் என்னடான்னா பெட் புக் பண்ணிட்டான். என் வாயால நானே அவரை ஐரோலிக்கு அனுப்பிட்டேன்.

– எலின்னா எங்க வரும் எங்க போவும்னு சொல்லிருவேன். கரப்பான், கரையான் எதுன்னாலும் சொல்லிருவேன். இதுக்கு எங்கிட்ட ஒண்ணும் கெடையாது.

– உங்களை யார் கேட்டா. வாய் விட்டுச் சொல்லிட்டேன், அவ்வளவுதான். ஆறு மாசமா பெருமாள்கிட்டகூட சொல்லலை.

– அன்னா பாருங்க, தாய்க்காரி வந்துட்டா.

– எங்கே? ஆமாம். ஒண்ணைக் கவ்விண்டா.

– கழுத்தச் சுத்தி மாலை மாதிரிப் போட்டுக்கிட்டுப் போறா. மரத்துல எங்கயோ இன்னொரு கூடு கட்டி வச்சிருப்பா. பொழைக்கத் தெரிஞ்ச சீவன். சார், பாத்தியளா?

– பார்த்துண்டுதான் இருக்கார். கழுத்தைத் திருப்பிண்டு.

– அடுத்ததுக்கும் வருவா. அதுவரைக்கும் நான் கேக்குதேன், கோவிச்சுக்கிடாதிய. அடைக்கவா, வேண்டாமா?

– அடைக்காம விட்டா நாளைக்கு நகுல் கண்ணுல படும்.

– படும்.

– அடைச்சா?

– அடைச்சா இனி எறும்பு போனாத்தான் உண்டு. அதுக்கு மேல உள்ளது சாருக்கும் உங்களுக்கும்.

– அடைச்சுடுங்கோ. வேற வழி இல்லை. அவர் இந்த ஆத்துல இருக்கணும்னா அவர் முழுங்கணும். அவர் முழுங்கணும்னா அது வரக்கூடாது. எப்படிச் சுத்தினாலும் அங்கேயே வந்து நிக்கறது.

– ரெண்டாவதையும் தூக்கிட்டா. டப்பா காலி. சரி, நான் ஏறுதேன். ஸ்குரூவ ஒவ்வொண்ணாக் கையில தாங்க.

– இந்தாங்கோ. அவர் முகத்தைப் பாருங்கோ, கண்ணன். கோபமா இருக்காரா?

– கோவம் இல்ல மாமி. சும்மா பாக்காவ. அந்தச் சுத்தியலக் குடுங்க. அந்த மாத்திரைய என்ன செய்யட்டும்?

– ஒரு காகிதத்துல மடிச்சு என்கிட்டக் குடுத்துடுங்கோ. நகுல் பார்க்க வேண்டாம்.

– மடிச்சுட்டேன். இந்தா, ஜாலி முடுக்கியாச்சு. ஆட்டிப் பாத்தேன், அசையல. பக்கா. மேலயும் கீழயும் சிமெண்டு வச்சிருக்கேன், காயட்டும்.

– பதினோரு மணி ஆயிடுத்து. அவருக்கு மருந்து வேளை. பழம் வேகவெச்சு ஆறிண்டிருக்கு, கொண்டு வரேன்.

– நான் ஏணியக் கட்டிட்டுக் கெளம்புதேன் மாமி.

– போகாதேங்கோ. ஒரு உபகாரம் பண்ணுங்கோ. இந்தாங்கோன்னா, பிடிச்சுக்கோங்கோ. கெட்டியா. ஆங், அவ்வளவுதான். கண்ணன், நான் கையில குடுத்துட்டேன். நீங்கோ இங்கேயே நில்லுங்கோ. முழுங்கறாரான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ. நான் அடுக்களையில இருக்கேன். என்னால நின்னு பார்க்க முடியாது.

– சரி. போங்க, நான் நிக்கேன்.

– என்ன ஆச்சு?

– இன்னும் இல்ல மாமி. கையில வச்சிருக்காவ. மூலையப் பாக்காவ.

– இப்போ?

– கைய மேல தூக்கி நீட்டுதாவ. ஜாலியப் பாத்து. நீட்டிக்கிட்டே இருக்காவ.

– வராது. வராதுன்னு தெரியும் அவருக்கு. கொஞ்சம் பொறுங்கோ. கை வலிச்சா தானே வாயில போட்டுப்பார். அன்னிக்கும் அப்படித்தான் நாலு நாள் முழுங்கினார்.

– மாமி.

– போட்டுண்டாரா?

– இல்ல. திரும்பி என்னியப் பாக்காவ. பழத்த எனக்கு நீட்டுதாவ.

– உங்களுக்கா?

– சிரிக்கவும் செய்யுதாவ மாமி. விருந்தாளிக்குக் குடுக்க மாதிரி. நான் என்ன செய்ய? கை தாழுது அவியளுக்கு, பழம் இன்னும் கொஞ்ச நேரத்துல கீழ விழுந்துரும். சொல்லுங்க.

– வாங்கிக்கோங்கோ, சுடலை.